தமிழுக்கு வந்து சேர்ந்த பாதி: அமெரிக்க மனோரதிய எழுத்தும் நாமும்

அமெரிக்க மனோரதிய காலத்து எழுத்தாளரைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் முதலில் எழுவது ஒரு பெருமிதம். எமேர்சன் கீதையைப் படித்தார், 1857இல் ‘பிரம்மா’ என்ற பெயரிலேயே கவிதை வெளியிட்டார். தோரோ 1854இல் வெளியிட்ட ‘வால்டன்’ நூலில் கீதையைப் போற்றினார். விற்மன் 1871இல் இந்தியாவை நோக்கிய பயணத்தைப் பாடினார். எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பெருமிதத்தின் பின்னால் நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி கிடக்கிறது. எமேர்சனின் ‘இயற்கை’ 1836இல் வந்தது. ஹாதோர்னின் ‘கருஞ்சிவப்பு எழுத்து’ 1850இல். மெல்விலின் ‘மோபி டிக்’ 1851இல். விற்மனின் ‘புல்லின் இதழ்கள்’ 1855இல். அந்த இலக்கியத்தின் தலையாய நூல்களில் பெரும்பாலானவை இந்த 20 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அதே 20 ஆண்டுகளிலும் அந்த எழுத்தாளர்களின் ஊர்க்காரர்கள், மசாசூசெற்ஸிலும் அதன் அயல் மாநிலங்களிலும் பிறந்து வளர்ந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் குடியிருந்தார்கள். தமிழ் பேசினார்கள், தமிழில் அச்சடித்தார்கள், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் நாட்டின் மிகப் பெரிய இலக்கியம் அவர்கள் கையால் நம்மிடம் வரவில்லை. அது பிந்தி வந்தது, வேறு ஆட்களோடு வந்தது, பாதியாகவே வந்தது. எந்தப் பாதி வந்தது, எந்தப் பாதி நின்றுவிட்டது என்பதை அது வந்த வழியே தீர்மானித்தது என்பது என் வாதம்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த நியூ இங்கிலாந்து எது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1805இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர் பதவி, திரித்துவத்தை ஏற்காத ஏகத்துவக் கிறிஸ்தவர்களின் கைக்குப் போனது. கல்வினின் பழைய கோட்பாட்டில் ஊன்றியிருந்தவர்கள் அதற்கு எதிர்வினையாக 1808இல் அன்டோவரில் தமக்கென ஓர் இறையியற் கல்லூரியைத் திறந்தார்கள். மனிதன் பிறவியிலேயே பாவி, அவனுடைய முயற்சியால் மீட்பு இல்லை, கிருபை இறங்கி இதயம் உடைந்தாலன்றிக் கதியில்லை என்பது அங்கே பாடம். அமெரிக்க மிசனின் முதல் இளைஞர்கள் அந்தக் கல்லூரியில் உருவானவர்கள். 1812 பெப்ரவரி 6ஆம் திகதி மசாசூசெற்ஸின் சேலம் துறைமுக நகரில் அவர்களில் ஐவர் குருப்பட்டம் பெற்றார்கள். அந்த ஐவரில் ஒருவரான சாமுவேல் நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்து, மிசனுக்குத் தகுந்த களம் யாழ்ப்பாணம் என்று எழுதினார். 1815 ஒக்ரோபரில் நியூபெரிபோர்ட் துறையிலிருந்து ‘டிரையட்’ என்ற கப்பலில் புறப்பட்ட குழு 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கி அவ்வாண்டே தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் கால் ஊன்றியது. எமேர்சன் இந்தப் பிளவின் மறுகரையில் நின்றவர். பொஸ்ரனில் ஏகத்துவக் குருவாக இருந்து 1832இல் அந்தப் பதவியையும் துறந்தார். 1838இல் ஹாவார்ட் இறையியல் மாணவருக்கு ஆற்றிய உரையில், கடவுளை ஒவ்வொருவரும் தமக்குள்ளேயே நேராகக் காணலாம், இடையில் யாரும் வேண்டாம் என்றார். அந்த உரைக்காக ஹாவார்ட்டே ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவரை மீண்டும் அழைக்கவில்லை. அன்டோவரின் பிள்ளைகளுக்கு அந்த உரை எப்படிக் கேட்டிருக்கும்?

மிசனரிமார் மீது இப்படி ஒரு குறையைச் சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம். அவர்கள் வந்தபோது அந்த நூல்கள் எழுதப்படவில்லை, கடல் நெடுந்தூரம், வேலையோ மலையளவு. இந்த மறுப்பில் பாதி சரி. முதல் தலைமுறைக்கு அது பொருந்தும். ஆனால் அச்சியந்திரமும் புத்தகங்களும் நன்கொடைப் பணமும் அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. புதிய ஆட்களும் வந்தார்கள். கிறீன் வைத்தியர் 1847இல் வந்தவர், அவருடைய பணி 1873 வரை நீண்டது. அவர் பிறந்தது மசாசூசெற்ஸின் வூஸ்ரர் நகரில். அந்த வூஸ்ரரில் இருந்த நண்பர் பிளேக்குக்குத்தான், விற்மனைப் புரூக்ளினில் சந்தித்து வந்த செய்தியைத் தோரோ 1856 டிசம்பரில் கடிதமாக எழுதினார். தூரம் தடையாக இருக்கவில்லை. தடை இருந்தது கொள்கையில். அதற்கு மெல்விலின் முதல் நூலே சாட்சி. 1846இல் வந்த ‘டைப்பி’, பசிபிக் தீவுகளில் மிசனரிமார் செய்தவற்றைக் கடுமையாகத் தாக்கியது. அவர் தாக்கிய ஹவாய் மிசனும் யாழ்ப்பாண மிசனும் ஒரே சபையின் இரண்டு கிளைகள். எதிர்ப்பு எழ, அமெரிக்கப் பதிப்பாளர் அந்தப் பகுதிகளை வெட்டித்தான் திருத்திய பதிப்பை வெளியிட்டார். ஆகவே அந்தச் சபையின் ஊழியர்கள் மெல்விலை மறந்துபோய்க் கொண்டுவராமல் விட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. லோங்பெலோ போன்ற சாதுவான கவிஞர்கள் மட்டும் பின்னாளில் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் ஏறி வந்தார்கள். அதனால் எவருக்கும் எந்தத் தொந்தரவும் இருக்கவில்லை.

மிசனரிமார் கொண்டுவந்தவை சிறியவை அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் டானியல் பூவரும் அவருக்குப் பின் ஹொய்சிங்டனும் நடத்திய கல்வி, அக்காலத்துத் தென்னாசியாவின் எந்தப் பள்ளியோடும் ஒப்பிடத்தக்கது. கணிதமும் வானியலும் அங்கே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிப்போடு நேருக்கு நேர் மோதிப் படிக்கப்பட்டன. 1841இல் ‘உதயதாரகை’ இரு மொழிகளிலும் வெளிவந்தது. வின்சுலோவின் அகராதி 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862இல் சென்னையில் அச்சானது. கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், தமிழில் நூல்களாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியின் பிள்ளைகள். விசுவநாதபிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘கறல்’, ஆணல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘ஆணல்ட்’, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் ‘நெவின்ஸ்’ எல்லாம், மாணவருக்கு அமெரிக்கப் பெயர் சூட்டும் செமினரி வழக்கத்தின் தடங்கள். நியூ இங்கிலாந்தின் பெயர்களைத் தமிழர் தம் பெயரோடு சேர்த்துச் சுமந்தார்கள். அந்த மண்ணின் கதைகளும் கவிதைகளும் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அமெரிக்க மனோரதியத்துக்கு ஒளிப் பக்கமும் உண்டு, இருட் பக்கமும் உண்டு. எமேர்சன், தோரோ, விற்மன் ஆகியோர் மனிதனுக்குள் இருக்கும் தெய்வத்தைப் பாடினார்கள். ஹாதோர்ன், மெல்வில், போ, எமிலி டிக்கின்சன் ஆகியோர் மனிதன் தன்னிடமிருந்தே ஒளித்துவைக்கும் இருளை எழுதினார்கள். இந்த இரண்டாவது அணியின் நூல்கள் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை; ஆனால் ஹாதோர்னும் டிக்கின்சனும் முளைத்த மண் அப்படியே வந்திறங்கியிருந்தது. டானியல் பூவர் 1789இல் டான்வர்ஸ் ஊரில் பிறந்தவர். டான்வர்ஸின் பழைய பெயர் சேலம் கிராமம். 1692இல் சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி அயலவரை அயலவர் தூக்குமேடைக்கு அனுப்பிய கொடுமை தொடங்கியது அங்கேதான். அந்த வழக்குகளை விசாரித்தவர்களில் ஒருவர் ஜோன் ஹதோர்ன். அவருடைய வழித்தோன்றல் நதானியல் ஹாதோர்ன் 1804இல் சேலம் நகரில் பிறந்தார், மூதாதையின் பாவத்தை வாழ்நாள் முழுவதும் மனத்தில் சுமந்தார். முதல் மிசனரிமார் அந்த நகரில் குருப்பட்டம் பெற்ற நாளில் அவருக்கு வயது 7. 1836இல் வந்த கதையொன்றில் ஒரு குரு ஒருநாள் திடீரென்று கறுத்த திரையால் முகத்தை மூடிக்கொண்டு பிரசங்கத்துக்கு வருகிறார், சாகும்வரை அதைக் கழற்றுவதில்லை. சபை முழுவதும் அந்தத் திரைக்குப் பின்னால் தன் தன் பாவத்தைத் தேடிக் கலங்குகிறது. பூவர் வளர்ந்த உலகமும் இந்தக் கதையின் உலகமும் ஒன்றே. அவர் நம்பியதை ஹாதோர்ன் நம்ப முடியாமலும் விட முடியாமலும் எழுதினார்.

வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் அந்த உலகம் எப்படி இயங்கியது என்பதற்கு மிசனின் சொந்த அறிக்கைகளும் கடிதங்களுமே சான்று. 1824இல் யாழ்ப்பாண நிலையங்களில் முதல் பெரும் ‘எழுப்புதல்’ நடந்தது. பின்னரும் பல முறை நடந்தது. மாணவர் தம் இதயத்தைத் தாமே சோதிக்க வேண்டும், பாவ உணர்வு வந்ததா என்று சொல்ல வேண்டும், வந்தது மெய்யானதா என்று ஆசிரியர் தீர்மானிப்பார். அதே 1824இல் ஹரியற் வின்சுலோ உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். 1840இல் அங்கே வந்த எலிசா அக்னியூ ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதை நடத்தினார். இனி மசாசூசெற்ஸைப் பாருங்கள். மேரி லயன் 1837இல் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரி, வெளிநாட்டு மிசனுக்குப் பெண்களை உருவாக்கிய இடம். அங்கே மாணவியர் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டார்கள்: விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள், நம்பிக்கை உள்ளவர்கள், நம்பிக்கை இல்லாதவர்கள். 1847–48 கல்வியாண்டில் அங்கே படித்த எமிலி டிக்கின்சன் மூன்றாவது வகையில் வைக்கப்பட்டார், அங்கிருந்து அசையவேயில்லை. வீட்டுக்குத் திரும்பி, அறிக்கையிட மறுத்த அந்த மனத்தின் ஒவ்வொரு நடுக்கத்தையும் ஏறத்தாழ 1,800 கவிதைகளாக எழுதி வைத்தார்; அவர் இறந்து 4 ஆண்டுகளின் பின், 1890இல்தான் முதல் தொகுதி வெளிவந்தது. ஒரே காலம், ஒரே இறையியல், ஒரே வகை விடுதி, ஒரே விதமான இதயப் பரிசோதனை. உடுவிலின் வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்பிள்ளைக்கும் டிக்கின்சனுக்கும் இருந்த உறவு, டிக்கின்சனுக்கும் அவர் காலத்து இலண்டன் பெண் ஒருத்திக்கும் இருந்த உறவைவிட நெருங்கியது என்பேன். இந்த நெருக்கத்தை நமது இலக்கிய வரலாறு கணக்கில் எடுத்ததேயில்லை.

அப்படியானால் அந்த அனுபவம் ஏன் தமிழில் இலக்கியமாகவில்லை? ஒரு காரணம், அதற்கான எழுத்து வடிவங்களும் மிசனின் கையிலேயே இருந்தன. ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1869இல் ‘நன்னெறிக் கதாசங்கிரகம்’ தந்தார். அது நீதி சொல்லும் கதைத் தொகுதி, ஐயத்தை எழுதும் தொகுதி அல்ல. நாவல் என்ற வடிவம் ஈழத்தில் நமக்கு வந்தது 1885இல் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’யோடுதான். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. ஆறுமுக நாவலர் எழுந்ததும் யாழ்ப்பாணத்தின் சமயப் பேச்சு முழுவதும் எந்தச் சமயம் மெய் என்ற விவாதமாக மாறியது. பாவம், இதயப் பரிசோதனை, மனம் உடைதல் ஆகிய சொற்கள் மறுதரப்பின் ஆயுதங்களாயின. சைவர் அவற்றைத் தம் அகத்தை எழுதும் கருவியாக எடுக்க முடியாது, கிறிஸ்தவர் அவற்றை ஐயத்தோடு கையாள முடியாது. இந்த இடத்தில் ஒருவர், தமிழில் தன்னிரக்கத்துக்கும் தன்னிகழ்ச்சிக்கும் என்ன பஞ்சம், மணிவாசகரும் பட்டினத்தாரும் இல்லையா என்று கேட்கக்கூடும். கேள்வி கனமானது. ஆனால் மணிவாசகர் தன்னை நாயேன் என்று இழித்துக்கொள்வது சிவனுக்கு முன்னால், எல்லாரும் கேட்கப் பாடும் பாட்டில். ஹாதோர்னின் குரு தன் பாவத்தை அயலவரிடமிருந்து மறைக்கிறார்; சபையின் மரியாதைக்கும் அந்தரங்கத்துக்கும் இடையிலே கிழிபடுகிறார். ஊர் வாய்க்குப் பயந்து முகத்தை மூடி வாழும் அந்த வாழ்க்கை யாழ்ப்பாணத்தில் ஏராளமாக இருந்தது, பக்தி இலக்கியத்தில் அதற்கு இடமில்லை. அதை எழுதுவதற்கு ஹாதோர்ன் கண்ட வகைக் கதை வேண்டியிருந்தது.

ஒளிப் பக்கம் வந்த வழி கொழும்பு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853இல் இங்கே பிறந்து, கேம்பிரிட்ஜில் படிக்கும்போது எட்வேர்ட் கார்ப்பென்ரர் என்ற ஆங்கிலேயருடன் நட்பானார். கார்ப்பென்ரர் விற்மனின் கவிதையைப் படித்து வாழ்க்கையே திசைமாறியவர். 1877இலும் 1884இலும் கடல் கடந்து போய் விற்மனைச் சந்தித்தவர். விற்மனின் நடையைத் தழுவி அவர் 1883இல் வெளியிட்ட ‘ஜனநாயகத்தை நோக்கி’ என்ற நீள்கவிதைக்கு உந்துதலாக இருந்தவற்றுள் அருணாசலம் தமக்குக் கொடுத்த கீதை மொழிபெயர்ப்பும் ஒன்று என்று தமது தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1890இல் இலங்கைக்கு வந்து, குருநாகலில் நீதித்துறைப் பதவியில் இருந்த நண்பரோடு தங்கி, அவர் மூலம் இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டார். 1892இல் வந்த ‘சிவனொளிபாதத்திலிருந்து எலிபன்டாவரை’ என்ற பயணநூலில் அந்தப் பாடங்களுக்குத் தனி அத்தியாயங்களே உண்டு. 1906இல் விற்மனைப் பற்றி எழுதிய நூலில் அவர் விற்மனின் வரிகளுக்குப் பக்கத்தில் உபநிடத வாக்கியங்களை வைத்துக் காட்டினார். அதே 1906இல் அருணாசலத்தின் தமையனார் இராமநாதன், அமெரிக்கப் பயணத்தின் விளைவான தமது நூலை நியூயோர்க்கில் வெளியிட்டார். இருவருடைய தாய்மாமனின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1917இல் பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனார். எமேர்சனின் ஊருக்குக் கிட்டவே ஓர் இலங்கைத் தமிழரின் மகன் 30 ஆண்டுகள் இருந்து இந்தியக் கலைக்குப் பொருள் சொன்னார்.

இந்த வரலாறு அழகானது. ஆனால் அதன் விலையையும் பார்க்க வேண்டும். கொழும்புக் குடும்பத்தின் கையில் விற்மன் ஒரு ஞானியானார். நம்முடையதே மாற்றுடையில் திரும்பி வருகிறது என்ற மகிழ்ச்சியோடு அவரை வரவேற்கும்போது, நம்மிடம் இல்லாதது எதுவும் அவரிடம் கண்ணில் படாது. தோரோ 1856இல் விற்மனிடம் கீழைத் தேச நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, இல்லை, அவற்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்று விற்மன் கேட்டதாகத் தோரோவே எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் எவ்வளவு படித்தார் என்பது வேறு விடயம். 1855ஆம் ஆண்டின் முதற் பதிப்பை எழுதியவர் அச்சுக்கோப்பவராகவும் பத்திரிகையாளராகவும் புரூக்ளின் தெருக்களில் நடந்தவர். துறைமுகத் தொழிலாளி, வண்டிக்காரன், ஏலத்தில் விற்கப்படும் அடிமையின் உடல், பின்னர் உள்நாட்டுப் போரின் மருத்துவமனைகளில் அவர் கையால் கட்டுப்போட்ட இளைஞர், இவர்கள்தான் அவர் கவிதையின் உள்ளீடு. வேதாந்தச் சல்லடையில் இவர்கள் தங்கவில்லை. அதோடு, அருணாசலம் கார்ப்பென்ரருக்கு எழுதிய கடிதங்களும் (1927இல் நூலாக வந்தவை) இராமநாதனின் உரைகளும் குமாரசுவாமியின் கட்டுரைகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன. கொழும்பு விற்மனை அறிந்திருந்தது; தமிழ்க் கவிதைக்கு அதனால் ஒரு வரிகூடக் கூடவில்லை.

தமிழ்க் கவிதைக்குக் கிடைத்த விற்மன் பாரதி தந்தவர். ஷெல்லியின் அடியவன் என்று தனக்குப் புனைபெயர் வைத்துக்கொண்ட பாரதிக்கு, ஆங்கிலப் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்த இந்த அமெரிக்கர் கண்ணில் பட்டது ஒரு பத்திரிகையாளனின் பசியால் என்றே நினைக்கிறேன். ‘நகரம்’ என்ற கட்டுரையில் அவர் விற்மனை அறிமுகப்படுத்தும் விதத்தைக் கவனித்தால் கொழும்பு வாசிப்புக்கும் அதற்கும் உள்ள தூரம் விளங்கும். எதுகை, மோனை, தளை இல்லாமல் வசனம்போல் எழுதியவர் என்கிறார்; ஆணும் பெண்ணும் குழந்தைகளும் சமானம் என்று முழங்கியவர் என்கிறார்; தோழமை ஆளும் ஒரு நகரத்தைப் பற்றிய விற்மனின் கனவை எடுத்துக்கொள்கிறார். வடிவமும் சமத்துவமும் நகரமும்! பிரம்மத்தைத் தேடி விற்மனிடம் போகப் பாரதிக்குத் தேவை இருக்கவில்லை. ந. பிச்சமூர்த்தி 1934இல் ‘மணிக்கொடி’யில் ‘காதல்’ எழுதித் தொடங்கிய புதுக்கவிதை முயற்சிக்கு முதலில் விற்மனின் நூலும் அதையடுத்துப் பாரதியின் வசனகவிதையும் தூண்டுதல் என்று அவரே பின்னர் குறித்திருக்கிறார். இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு: சிலப்பதிகாரத்தில் உரையிடையிட்ட பாட்டு இல்லையா, பாரதியின் வசனகவிதையான ‘காட்சி’ காற்றையும் சூரியனையும் பாடும் வேத சூக்தங்களின் வழி வந்ததல்லவா? ‘காட்சி’யின் தெய்வங்கள் வேதத்திலிருந்து வந்தவை என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தெய்வங்களைத் திண்ணையோரத்தில், கயிற்றுத் துண்டுகளுக்குப் பக்கத்தில், அன்றாடத் தமிழில் பேசவைக்கும் துணிவுக்கு முன்மாதிரி வேதத்திலும் சிலம்பிலும் இல்லை. அந்தத் துணிவு புதியது.

ஈழத்தில் கதை வேறாக நடந்தது. வரதரின் ‘ஓர் இரவிலே’ 1943இல் ‘ஈழகேசரி’யில் வந்து யாப்பை உடைத்த முதல் முயற்சியாகப் பெயர் பெற்றாலும், அடுத்த தலைமுறையின் பெருங்கவிகளான மஹாகவியும் முருகையனும் நீலாவணனும் யாப்பை விடவில்லை. பேச்சோசையை யாப்புக்குள்ளேயே கொண்டுவந்து, சாதாரண மனிதரைக் காவியத் தலைவராக்கினார்கள். விற்மன் யாப்பைத் துறந்து அடைந்ததில் ஒரு பங்கை அவர்கள் யாப்புக்குள்ளிருந்தே அடைந்தார்கள். இது என் வாதத்தைச் சற்று நெகிழ்த்துகிறது என்பதை மறுக்கமாட்டேன்: ஒரு மொழி தனக்கு வேண்டியதை வெளியிலிருந்து வாங்காமலே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அவர்களுடைய சாதனை மறுபடியும் வெளிச்சத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. உழைப்பவனின் மாண்பு, சாதிக்கு எதிரான சினம், வாழ்வின் மீது பற்று. தன் மனத்தையே நம்பாத குரல் ஈழக் கவிதையில் அக்காலத்தில் அரிது.

எதிர்த்திசையிலும் இப்படியொரு பாதிப் பயணம் நடந்தது. செமினரியை நடத்திய ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக்கட்டளையையும் ஆங்கிலமாக்கினார். அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் ஆய்விதழில் அவை 1854இல் அச்சாயின. ‘வால்டன்’ வெளியான ஆண்டும் அதுதான். எமேர்சனும் தோரோவும் அறிந்த இந்தியா, வில்கின்ஸும் ஜோன்ஸும் வில்சனும் சமஸ்கிருதத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்த இந்தியா. 1855இல் ஆங்கில நண்பர் ஒருவர் தோரோவுக்கு அனுப்பிய 44 கீழைத்தேய நூல்களும் அந்தச் சமஸ்கிருத உலகத்தை ஒட்டியே இருந்தன. பதியும் பசுவும் பாசமும் என்றும் உள்ளவை, உயிர் இறைவனோடு ஒன்றானாலும் இறைவனாகிவிடுவதில்லை, ஆணவமலம் முத்தியிலும் வலியடங்கிக் கிடக்கும் என்று சொல்லும் சைவசித்தாந்தம் எமேர்சனின் கையில் கிடைத்திருந்தால் அவருக்கு அது உவப்பாக இருந்திராது. ஹாதோர்னுக்கும் மெல்விலுக்கும் அது நன்றாக விளங்கியிருக்கும். மனிதனை விட்டு அகலாத ஒரு மறைப்பைப் பற்றித்தான் அவர்களும் எழுதினார்கள். மெல்வில் ‘மோபி டிக்’கில் விஷ்ணுவின் மச்சாவதாரத்தைத் திமிங்கில வேட்டைக்காரரின் குலமரபில் சேர்த்து எழுதிய மனிதர், ஆணவமலம் என்ற கருத்தை அவர் சும்மா விட்டிருப்பாரா?

கடைசியாக ஒரு மறுப்பு எஞ்சுகிறது. இருளை எழுத நமக்கு ஹாதோர்ன் எதற்கு, புதுமைப்பித்தன் எழுதவில்லையா? எழுதினார், தமிழின் மிகக் கடுமையான இருளை எழுதினார். ஆனால் அவருடைய கதைகளில் இருள் பெரும்பாலும் வறுமையாக, ஊழாக, கடவுளின் கையாலாகாத்தனமாக வருகிறது. ஒரு சிறிய சபை தன் உறுப்பினரின் அந்தரங்கத்தைக் காவல்காக்கும்போது மனத்துக்குள் நடப்பது அவர் களம் அல்ல. அந்தக் களம் யாழ்ப்பாணத்தின் களம். எழுப்புதல் கூட்டத்தில் எழுந்து நின்ற மாணவன், வீட்டுக்குப் போனதும் திருநீறு பூசச் சொன்ன தாய், உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவர் என்று ஊர் சொன்ன பேச்சு, அதைக் கேட்டு அவர் தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய கேள்வி. இந்த மூலப்பொருள் மிசனின் ஆண்டறிக்கைகளிலும் ‘மிசனரி ஹெரல்ட்’ இதழின் கடிதங்களிலும் ‘உதயதாரகை’யின் பழைய பக்கங்களிலும் பரந்து கிடக்கிறது, ஆனால் அங்கே பேசுவது பெரும்பாலும் ஆசிரியரின் குரல், மாணவரின் குரல் அதற்குள் புதைந்திருக்கிறது. நமது பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத் துறை ஹாதோர்னையும் டிக்கின்சனையும் தூரதேசத்து எழுத்தாளராகப் படிப்பிக்கிறது. தமிழ்த் துறை மிசனைக் கல்வி வரலாறாகவும் அச்சு வரலாறாகவும் படிப்பிக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவருக்கு உடுவில் விடுதியின் அறிக்கையொன்றில் வரும், பெயர் குறிக்கப்படாத, இதயம் இன்னும் கடினமாயிருக்கிறது என்று ஆசிரியை எழுதிய ஒரு மாணவி, வேறொரு கண்ணில் தெரிவாள். மவுண்ட் ஹோலியோக்கில் அப்படிக் குறிக்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பதை நாம் அறிவோம், ஏனெனில் அவர் எழுதி வைத்தார். உடுவிலின் மாணவி நினைத்ததை, அவளைப் பற்றி அவள் ஆசிரியை எழுதிய வரிகளுக்கு ஊடாகத்தான் வாசித்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஹாதோர்னின் கதைகள் அந்த வாசிப்புக்குப் பயிற்சி தரும்.